எரிபொருள் கணக்கு இடறும் இடங்கள்: சிறு விமானங்களுக்கு அறிகுறிவாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் விமான நிலையம் கிடையாது. மேற்கே திருவனந்தபுரமும் கிழக்கே தூத்துக்குடியும்தான் நமக்கு அருகில் உள்ள ஓடுபாதைகள். விமானம் ஓட்டப் பயில விரும்பும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் திருவனந்தபுரத்துக்கோ அதற்கும் அப்பாலோ போகிறார்கள். ஆனால் அந்த இரண்டு நிலையங்களுக்கும் இடையே மலையைத் தவிர்த்துக் கரையோரமாக வரும் சிறு விமானம் எதுவானாலும் நம் மாவட்டத்தின் மேலேதான் பறந்தாக வேண்டும். முனையைச் சுற்றி வரும் அந்த வழி ஏறத்தாழ 92 கடல் மைல் நீளம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னந்தோப்பும் நெருக்கமான குடியிருப்பும் அவற்றுக்குப் பின்னால் மலையும் இருக்கின்றன. எரிபொருள் கணக்கில் தவறு நேர்ந்தால் அதைத் திருத்திக்கொள்ள நடுவழியில் இடமில்லாத பாதை இது. அதனால் இந்தப் பாதையையே எடுத்துக்காட்டாக வைத்து, புறப்படுமுன் செய்யும் சோதனையிலும் பறக்கும்போதும் தென்படக்கூடிய அறிகுறிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் காரணத்தை எப்படித் தேடுவது என்று எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. டேங்கில் இருக்கும் எரிபொருளை ஒரே ஓர் அளவை நம்பி முடிவு செய்யக் கூடாது. டேங்குக்குள் விட்டுப் பார்க்கும் டிப்ஸ்டிக் என்ற அளவுக் குச்சி காட்டுவது ஒன்று, விமானியின் முன்னால் உள்ள கேஜின் முள் காட்டுவது ஒன்று, போன பயணத்தின் மிச்சத்தோடு இன்று நிரப்பியதைக் கூட்டினால் வருவது ஒன்று. இவற்றில் குறைந்தது இரண்டு எண்களாவது ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாதபோது சராசரி எடுப்பது தவறு. நமக்கு வசதியான எண்ணை எடுத்துக்கொள்வது அதைவிடப் பெரிய தவறு. குறைவான எண்ணையே உண்மையாகக் கொண்டு, வேறுபாட்டுக்குக் காரணம் தெரியும்வரை தரையில் இருக்க வேண்டும். கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இரண்டு அளவுகள் முரண்படும் நிலைகளே.

எண்கள் பெரும்பாலும் நான்கு பேர் அமரும் செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானத்துக்கு உரியவை. உங்கள் விமானத்தின் இயக்கக் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே இறுதி.

கேஜ் ஓர் அளவும் டிப்ஸ்டிக் வேறோர் அளவும் காட்டுகின்றன

விமானம் நிற்கும் இடத்தை முதலில் பாருங்கள். மழைநீர் வடிவதற்காக நிறுத்துமிடங்களைச் சற்றுச் சரிவாகவே அமைப்பார்கள். ஓர் இறக்கை தாழ்ந்து நிற்கும்போது எந்த டேங்கிலிருந்து எரிபொருள் எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் 'போத்' (இரண்டும்) நிலையில் இருந்தால், உயர்ந்த பக்கத்து டேங்கிலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு எரிபொருள் இரவு முழுவதும் மெல்ல நகரும். தாழ்ந்த டேங்க் முன்பே நிறைந்திருந்தால் மிகுதி, டேங்குக்குள் காற்று விடும் வென்ட் குழாய் வழியாகத் தரையில் சொட்டிப் போகும். மாலையில் நிரப்பி, ரசீதும் வாங்கி, காலையில் அந்த ரசீதை மட்டும் நம்பிப் புறப்படுகிறவருக்கு இந்த இழப்பு தெரியவே தெரியாது. நிறுத்தும்போது செலக்டரை 'லெஃப்ட்' அல்லது 'ரைட்' நிலைக்கு மாற்றி வைத்தால் இதைத் தவிர்க்கலாம். அளப்பதற்கு முன் விமானத்தைச் சமதளத்துக்கு நகர்த்துங்கள். சரிவில் நின்றுகொண்டு எடுத்த டிப்ஸ்டிக் அளவுக்கு மதிப்பில்லை.

அடுத்து டிப்ஸ்டிக்கையே சந்தேகியுங்கள். ஒவ்வொரு டிப்ஸ்டிக்கும் குறிப்பிட்ட ஒரு வகை டேங்குக்காகக் கோடிடப்பட்டது. 172எஸ் டேங்க் வேறு, பழைய 172என் டேங்க் வேறு. 172எஸ்ஸின் மொத்தக் கொள்ளளவு 56 அமெரிக்க கேலன். அதில் பறக்கப் பயன்படுவது 53 மட்டுமே. 172என்னின் வழக்கமான டேங்குகளில் மொத்தம் 43, பயன்படுவது 40. இரண்டு வகை விமானங்களும் நிற்கும் ஹேங்கரில் ஒன்றின் குச்சி மற்றொன்றின் பையில் கிடப்பது அரிதான செய்தியல்ல. குச்சியில் விமானத்தின் பதிவெண் எழுதப்பட்டிருக்கிறதா, கோடுகள் கேலனா லிட்டரா, அவை மொத்த அளவா பயன்படும் அளவா என்ற மூன்றையும் பாருங்கள். குச்சி இல்லாதபோது 172எஸ்ஸில் ஒரு நல்ல அடையாளம் உண்டு: நிரப்பும் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் கீழ்நோக்கி நீட்டிய ஒரு சிறிய தகடு தெரியும். எரிபொருள் அந்தத் தகட்டின் அடியைத் தொட்டு நின்றால் அந்த டேங்கில் பயன்படக்கூடியது 17.5 கேலன், இரண்டு பக்கமும் அப்படியே என்றால் 35 கேலன்.

கேஜைப் பற்றி ஒரு வார்த்தை. டேங்குக்குள் மிதக்கும் மிதவையின் நிலையை மின்தடையாக மாற்றிக் காட்டும் எளிய கருவி அது. சமமாகப் பறக்கும்போது பயன்படும் எரிபொருள் தீரும் இடத்தில் முள் பூஜ்ஜியத்தில் நிற்க வேண்டும் என்பதே அதன் அளவீட்டின் அடிப்படை. இடைப்பட்ட அளவுகளில் அது எவ்வளவு நுட்பம் என்பது விமானத்துக்கு விமானம் மாறும். இதைக் காரணம் காட்டி, 'கேஜ் எப்போதும் பொய் சொல்லும்' என்று அதைப் பார்க்காமலேயே விடுகிற பழக்கம் பலரிடம் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. முள் நிற்கும் இடத்தை நம்ப வேண்டாம், ஆனால் அது நகரும் வேகத்தைக் கவனியுங்கள். ஒரு பக்கத்து முள் மட்டும் வழக்கத்தைவிட விரைவாக இறங்கினால், கசிவோ சரியாக மூடாத மூடியோ காரணமாக இருக்கலாம். மேல் இறக்கை விமானத்தில் மூடி, இறக்கையின் முதுகில் இருக்கிறது. பறக்கும்போது அங்கே அழுத்தம் குறைவு. மூடி தளர்ந்திருந்தால் அந்த அழுத்தக் குறைவே எரிபொருளை உறிஞ்சி வெளியே இறைத்துவிடும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அது தெரியாது.

கசிவைத் தேடக் கண்ணே போதும். இந்த விமானங்களின் பெட்ரோலான ஏவ்காஸ் 100எல்எல் நீல நிறச் சாயம் ஏற்றப்பட்டது. கசிந்த எரிபொருள் ஆவியாகிவிடும், சாயம் தங்கிவிடும். இறக்கையின் அடிப்பக்கத்தில், ரிவெட் வரிசையின் ஓரத்தில், வடிகால் வால்வைச் சுற்றி, மூடிக்குப் பின்னால் என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிறிய நீலக் கோடு தெரிந்தால் அதைத் துணியால் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். பராமரிப்பு இன்ஜினியர் அதைப் பார்க்க வேண்டும்.

டேங்கின் அடியிலிருந்து குடுவையில் வடித்தெடுத்த எரிபொருளின் மாதிரி சந்தேகமாக இருக்கிறது

நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது, வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. இரண்டுக்கும் நடுவிலும் கடற்காற்றின் ஈரம் குறைவதில்லை. வெளியே நிற்கும் விமானத்தின் டேங்குக்குள் தண்ணீர் போக இது போதுமான காரணம். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மழைநீர் நேராக இறங்கும். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் சுவரில் படிந்து வழியும். தண்ணீர் எரிபொருளைவிடக் கனமானதால் அடியில் தங்கும். அடியில்தான் இன்ஜினுக்குப் போகும் குழாயும் இருக்கிறது.

172எஸ்ஸில் வடித்துப் பார்க்கும் இடங்கள் 13: ஒவ்வோர் இறக்கையிலும் ஐந்து, உடலின் அடியில் மூன்று. அவசரத்தில் இறக்கைகளில் இரண்டிரண்டு மட்டும் பார்த்துவிட்டு அடிவயிற்றை விட்டுவிடுகிறவர்கள், தண்ணீர் கடைசியில் வந்து சேரும் மிகத் தாழ்ந்த இடத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

குடுவையின் அடியில் கண்ணாடி மணிபோல் ஒரு துளி உருண்டு நின்றாலோ, நீல நிறத்துக்குக் கீழே நிறமற்ற ஒரு படலம் தெரிந்தாலோ அது தண்ணீர். மீண்டும் மீண்டும் வடித்து, தொடர்ந்து சுத்தமான மாதிரி வரும்வரை நிறுத்தாதீர்கள். பிறகு இறக்கை நுனியைப் பிடித்து மெல்ல ஆட்டி, வாலைத் தாழ்த்தி உயர்த்தி, சில நிமிடம் கழித்து மறுபடியும் வடியுங்கள். பழைய சில செஸ்னாக்களில் டேங்க் ரப்பர் பை வடிவில் இருக்கும். பையின் அடியில் விழும் மடிப்புகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தரையில் சுத்தமாக வந்த மாதிரி, விமானம் மூக்கை உயர்த்திய பிறகு பொய்யாகிப் போவது இப்படித்தான். எத்தனை முறை வடித்தாலும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் அன்றைய பயணம் அதோடு நிற்கட்டும்.

குடுவை முழுவதும் ஒரே நிறமற்ற திரவமாக, குமிழோ படலமோ எதுவும் இல்லாமல் தெளிவாக இருந்தால் மிகுந்த கவனம் தேவை. பிரிகோடு இல்லாததால் 'சுத்தம்' என்று மனம் சொல்லும்; முழுவதும் தண்ணீராகவே இருக்கக்கூடும் என்று தோன்றாது. குடுவையை வெள்ளைத் தாளின் முன் பிடித்து நீலம் இருக்கிறதா என்று பாருங்கள். விமானத்தின் நிழலிலோ நீல வானத்தை நோக்கியோ பார்த்தால் கண் ஏமாறும். எனக்குத் தெரிந்த மூத்த இன்ஜினியர் ஒருவர், இரணியல் பக்கத்துக்காரர், மாணவர்கள் குடுவையை உயர்த்திப் பார்த்துவிட்டுக் கொட்டப் போகும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொள்வார்: "பாத்தா போதாது மக்கா, மோந்து பாரு." கண்ணை ஏமாற்றும் நீர், மூக்கை ஏமாற்றுவதில்லை.

மாதிரி மங்கலாக, கஞ்சித் தண்ணீர்போல் இருந்தால் சில நிமிடம் அசைக்காமல் வையுங்கள். காற்றுக் குமிழியால் வந்த மங்கல் தெளிந்துவிடும், தண்ணீரால் வந்தது தங்கும். எரிபொருள் நிரப்பிய உடனே எடுத்த மாதிரியை நம்ப வேண்டாம். கலங்கிய தண்ணீர் அடியில் சேர நேரம் வேண்டும். குறைந்தது கால் மணி நேரம் விட்டு வடியுங்கள்.

நீலம் வெளிறியோ வைக்கோல் நிறமாகவோ இருந்து, மண்ணெண்ணெய் வாடையும் அடித்தால் ஜெட் எரிபொருள் கலந்திருக்கலாம் என்று கொள்ளுங்கள். இன்று இந்த ஆபத்து கூடியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. டயமண்ட் டிஏ40 என்ஜி போன்ற பயிற்சி விமானங்களின் டீசல் வகை இன்ஜின்கள் ஜெட் ஏ-1 எரிபொருளில் ஓடுகின்றன. பக்கத்திலேயே நிற்கும் செஸ்னாவுக்கு ஏவ்காஸ் வேண்டும். உருவில் இரண்டும் சிறு விமானங்களே. எரிபொருள் வண்டிக்காரர் தவறினால், பெட்ரோல் இன்ஜின் குழாயில் மிச்சமிருக்கும் ஏவ்காஸைக் கொண்டு ஸ்டார்ட் ஆகி, ஓடுபாதை வரை தரையில் ஓடி (டாக்ஸி), மேலே எழும்பிய பிறகு, சீராக எரியாமல் சிலிண்டருக்குள் வெடிக்கும் டிடோனேஷனில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். சோதிக்க எளிய வழி ஒன்று: ஒரு வெள்ளைத் தாளில் ஒரு துளி விடுங்கள். ஏவ்காஸ் ஆவியாகிவிடும், ஜெட் எரிபொருள் எண்ணெய் வட்டத்தை விட்டுப் போகும். விரலால் தேய்த்தாலும் வழவழப்பு தெரியும். நிரப்பும்போது நீங்களே அருகில் நின்று, வண்டியின் மேல் எழுதியிருப்பதையும் ரசீதில் எழுதியிருப்பதையும் படிப்பது இவை அனைத்தையும்விட மேல்.

இன்னொன்று: ஏவ்காஸ் எல்லா விமான நிலையங்களிலும் கிடைக்காது. இந்தியன் ஆயில் நிறுவனம் 2022 செப்டம்பரில் உள்நாட்டுத் தயாரிப்பான ஏவ்காஸ் 100எல்எல்லை அறிமுகப்படுத்தும்வரை நாடு இறக்குமதியையே நம்பியிருந்தது. போய்ச் சேருமிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம் என்பது திட்டமாக வேண்டுமானால், முதல் நாளே தொலைபேசியில் கேட்டு, கிடைக்கும் என்ற உறுதியையும் கிடைக்கும் நேரத்தையும் எழுதி வையுங்கள். உறுதி கிடைக்காவிட்டால் திரும்பி வரவும் சேர்த்து இங்கேயே நிரப்ப வேண்டும்.

டேங்கில் எரிபொருள் இருக்கிறது, இன்ஜினுக்கு வரவில்லை

டாக்ஸியின் நடுவிலோ, புறப்படுமுன் இன்ஜினை ஓட்டிச் சோதிக்கும் ரன்அப்பின்போதோ இன்ஜின் அணைந்தால் செலக்டரைப் பாருங்கள். மூடியிருந்தாலும் குழாயில் உள்ளதைக் கொண்டு இன்ஜின் சிறிது நேரம் ஓடும் என்பதால் ஸ்டார்ட் ஆனதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. செலக்டர் இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிற்பதும் உண்டு. 'டக்' என்று பள்ளத்தில் விழுவதைக் கை உணர வேண்டும். 172எஸ்ஸில் தனியாக இழுத்து மூடும் ஷட்ஆஃப் குமிழ் ஒன்றும் உண்டு. அது முழுவதும் உள்ளே தள்ளப்பட்டிருக்க வேண்டும்.

பறந்துகொண்டிருக்கும்போது இன்ஜின் தயங்கினால், அல்லது ஒரு பக்கத்து டேங்க் குறையாமலேயே இருந்தால், வென்ட் அடைபட்டிருக்கலாம். எரிபொருள் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உருவாகி ஓட்டம் தடைபடும். செஸ்னாவில் வென்ட் குழாய் இடது இறக்கையின் அடியில், தாங்குக் கம்பிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நம் ஊரில் வாசல் நிலையிலும் மின்விசிறி மூடியிலும் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் குளவியை எல்லோரும் பார்த்திருப்போம். அதற்கு விரல் நுழையாத இந்தக் குழாய் மிகவும் பிடித்த இடம். சில நாள் பறக்காமல் நின்ற விமானத்தின் வென்ட்டைக் குனிந்து, டார்ச் அடித்து, நேராக உள்ளே பாருங்கள். ஓரத்தில் காய்ந்த செம்மண் பொட்டு இருந்தாலே உள்ளே கூடு இருக்கிறது என்று கொள்ளுங்கள். குச்சியால் குத்தி எடுக்க முயன்றால் மண் இன்னும் உள்ளே போகும். அது பராமரிப்பவரின் வேலை.

இதே குளவி, வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பிடோட் குழாயையும் விடாது. 1996 பிப்ரவரியில் டொமினிகன் குடியரசின் கரையருகே கடலில் விழுந்த பிர்கென்ஏர் போயிங் 757 விபத்தில் 189 பேர் இறந்தார்கள். மூடி போடாமல் நாட்கணக்கில் நின்ற விமானத்தின் பிடோட் குழாயில் குளவி கூடு கட்டியிருக்க வேண்டும் என்பதே விசாரணையின் கணிப்பு. ஓடுபாதையில் ஓடத் தொடங்கியும் வேகமானியின் முள் அசையாவிட்டால் த்ராட்டிலை உடனே குறைத்து நின்றுவிடுங்கள்.

பைப்பர் பிஏ-28 போன்ற தாழ் இறக்கை விமானங்களில் 'போத்' நிலையே இல்லை. ஒரு டேங்க் தீர்ந்து இன்ஜின் நின்றால் அடுத்த டேங்குக்கு மாற்றி, மின்சார பம்பைப் போட வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை மாற்றி, மாற்றிய நேரத்தைக் காகிதத்தில் குறித்து வருகிறவருக்கு இந்த அறிகுறி வராது.

ரன்அப்பில் மேக்னெட்டோ சரியாக இல்லை

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்பொறி தருபவை இரண்டு மேக்னெட்டோக்கள். ஒன்றை அணைத்து மற்றதில் மட்டும் ஓட்டினால் இன்ஜினின் சுழற்சி (ஆர்.பி.எம்.) சற்றுக் குறையும். 172எஸ்ஸில் 1800 ஆர்.பி.எம்.மில் வைத்துச் சோதிக்கும்போது ஒவ்வொரு மேக்னெட்டோவிலும் குறைவு 150க்கு மேல் போகக் கூடாது; இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 50க்குள் இருக்க வேண்டும். குறைவோடு இன்ஜின் உதறினால் பெரும்பாலும் ஸ்பார்க் பிளக்கில் கரியோ ஈயமோ படிந்திருக்கும். தரையில் நீண்ட நேரம் முழு ரிச் மிக்ஸரில் (காற்றோடு எரிபொருள் மிக அதிகமாகக் கலக்கும் நிலையில்) காத்திருந்தால் இது எளிதில் வரும். கையேடு அனுமதிக்கும் வரையில் ஆர்.பி.எம்.மைச் சற்று உயர்த்தி, மிக்ஸரை லீன் செய்து (கலவையில் எரிபொருளைக் குறைத்து), சிறிது நேரம் ஓட்டிய பிறகு மறுபடி சோதியுங்கள். சரியாகாவிட்டால் திரும்பிவிடுங்கள்.

குறைவே இல்லாவிட்டால் நல்ல இன்ஜின் என்று மகிழ வேண்டாம். அந்த மேக்னெட்டோவை அணைக்கும் கம்பி அறுந்து, அது அணையாமலேயே இருக்கலாம். அப்படியானால் சாவியை எடுத்த பிறகும் ப்ரொப்பெல்லரைக் கையால் அசைப்பவரின் உயிருக்கு ஆபத்து. விமானத்தை நிறுத்தி எழுத்தில் அறிவியுங்கள்.

வெயில் அடிக்கிறது, ஆனால் ஆர்.பி.எம். மெல்லச் சரிகிறது

இது கார்புரேட்டர் உள்ள 172என், 172எம், 152 போன்றவற்றுக்கு உரியது. 172எஸ் கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் இன்ஜின் கொண்டது. இந்தக் கடற்கரையில் பறப்பவர் கட்டாயம் அறிய வேண்டிய அறிகுறி இது. காரணம், யாரும் இங்கே பனிக்கட்டியை எதிர்பார்ப்பதில்லை. கார்புரேட்டரின் குறுகலான கழுத்தில் காற்று விரியும்போதும் எரிபொருள் ஆவியாகும்போதும் வெப்பநிலை சட்டென்று 30 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். வெளியே 28 டிகிரி வெப்பமும் மழை ஓய்ந்த ஈரக்காற்றும் இருக்கும்போது, த்ராட்டிலைக் குறைத்து இறங்கத் தொடங்கினால், கழுத்தில் பனி கட்ட அதுவே போதும். ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தால் 38 டிகிரி வரையிலும்கூட இது நேரலாம்.

ஆர்.பி.எம். தானாகச் சரிந்தால், சூடான காற்றை விடும் கார்புரேட்டர் ஹீட் குமிழை முழுவதும் இழுங்கள். பாதி இழுப்பது நிலைமையை மோசமாக்கக்கூடும். பனி இருந்தால் ஆர்.பி.எம். முதலில் இன்னும் குறையும், இன்ஜின் உதறும், உருகிய தண்ணீரை விழுங்கும். அந்த நேரத்தில் பயந்து குமிழை உள்ளே தள்ளிவிடக் கூடாது. பொறுத்திருந்தால் ஆர்.பி.எம். ஏறும். ஏறாவிட்டால் வேறு காரணத்தைத் தேடுங்கள்.

திட்டமிட்டதைவிட அதிகம் எரிந்திருக்கிறது

தரையிறங்கி அளந்தால் கணக்கைவிட இரண்டு மூன்று கேலன் குறைகிறது, இன்ஜின் ஒழுங்காகவே ஓடியது, கசிவும் இல்லை என்றால் தவறு காகிதத்தில் இருக்கிறது. நம் பாதையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றை.

ஆரல்வாய்மொழிக் கணவாயின் வாயில் முப்பந்தலைச் சுற்றி அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் உங்கள் எரிபொருளையும் தின்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் தெற்கு முனையைச் சுற்றியும் இடைவெளி வழியாகவும் நெருங்கிப் பாய்கிறது. தரைக் காற்றைவிட மேல் காற்று வலுவாக இருக்கும். பருவக்காலத்தில் தீபகற்பத்தைக் கடக்கும் கீழ்மட்ட வேகக்காற்றின் உச்சம் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில்தான், அதாவது சிறு விமானங்கள் விரும்பிப் பறக்கும் 5000 அடியில்தான் வீசுகிறது.

கணக்காகப் பார்ப்போம். விமானத்தின் வேகம் 110 நாட் (மணிக்கு 110 கடல் மைல்) என்றால், காற்றில்லாத நாளில் 92 கடல் மைலுக்கு 50 நிமிடம். மேற்கிலிருந்து 25 நாட் காற்று முழுவதும் எதிரே வீசுவதாகக் கொண்டால் தூத்துக்குடியிலிருந்து திருவனந்தபுரம் போக 65 நிமிடம். திரும்பி வர 41 நிமிடம். போகும்போது இழந்தது வரும்போது கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் கூட்டிப் பார்க்கட்டும்: 100 நிமிடம் ஆக வேண்டியது 106 ஆகிறது. எதிர்காற்றில் கழியும் நேரம் அதிகம் என்பதால் காற்று எப்போதும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஒரு வழி மட்டும் போகிறவருக்கு எதிர்காற்றின் விலை 15 நிமிடம். மணிக்கு 10 கேலன் என்றால் 2.5 கேலன், ஏறத்தாழ ஒன்பதரை லிட்டர். முனையைத் தாண்டித் திரும்பிய பிறகு காற்றின் கோணமும் மாறும் என்பதால், இரண்டு பகுதிகளையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். மேற்கே போகும்போது, மலையிலிருந்து விலகிக் கரையோரம் பாதுகாப்பான உயரத்தில், காற்று குறைவான மட்டத்தைத் தேடுவது நல்லது. ஆனால் 172 போன்ற விமானம் இன்ஜின் நின்றால் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஒன்றரை கடல் மைல்தான் சறுக்கும். கரையை விட்டு அதற்கு மேல் விலகிவிடக் கூடாது.

அடுத்த சந்தேகம் மிக்ஸர். கையேட்டில் அச்சிட்டிருக்கும் எரிபொருள் அளவு, மிக்ஸரை முறையாக லீன் செய்த இன்ஜினுக்கு உரியது. முழு ரிச்சில் விட்டுவிட்டு அந்த எண்ணை நம்புவது, வேறொருவருடைய விமானத்துக்குக் கணக்குப் போடுவதற்குச் சமம். ஸ்டார்ட், டாக்ஸி, ரன்அப், டேக்ஆஃப் ஆகியவற்றுக்கு 172எஸ் கையேடு 1.4 கேலன் ஒதுக்குகிறது. திருவனந்தபுரத்தில் பெரிய விமானங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றால் அது போதாது. வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் எஃப்.ஐ.சி. (விமானத் தகவல் மையம்) எண்ணும் கைக்கு வருமுன் இன்ஜினை ஓட விடாதீர்கள். வழியில் உள்ள கட்டுப்பாட்டு வான்பரப்புகளை விமானிகளுக்கான அன்றைய அறிவிப்போடு (நோட்டாம்) சேர்த்துப் பார்த்து, சுற்றிப் போக வேண்டிய தூரத்தையும் கூட்டுங்கள்.

மூன்றாவது, அலகு. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், இம்பீரியல் கேலன் 4.546 லிட்டர். நம் ஊரில் நிரப்புவது லிட்டரில், கேஜ் கேலனில், எடைக் கணக்கு கிலோவிலோ பவுண்டிலோ. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு இன்ஜின்களும் நின்று, கிம்லியில் சறுக்கி இறங்கியது. வேண்டியது 22,300 கிலோ. லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்கு உரிய 0.8 என்ற எண்ணுக்குப் பதில் பவுண்டுக்கு உரிய 1.77ஐப் பயன்படுத்தியதால் ஏறியது அதில் பாதிக்கும் குறைவு. கேஜ்கள் வேலை செய்யாத விமானம் அது. டிப்ஸ்டிக் அளவு சரியாகவே இருந்தது, பெருக்கிய எண்தான் தவறு. ஏவ்காஸுக்கு லிட்டருக்கு 0.72 கிலோ, அமெரிக்க கேலனுக்கு 6 பவுண்டு என்ற இரண்டு எண்களைத் திட்டத்தாளின் மேலேயே எழுதி, ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அலகை எழுதுங்கள்.

இவற்றைச் சேர்த்தால், எதிர்காற்று நாளில் தூத்துக்குடியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஒரு திட்டம் இப்படி அமையும்: புறப்பாட்டுக்கு 1.4 கேலன், பயணத்துக்கு 65 நிமிடமாக 11, எதிர்பாராதவற்றுக்கு அதில் பத்து சதவீதமாக 1.1, திருவனந்தபுரத்தில் இறங்க முடியாமல் தூத்துக்குடிக்கே திரும்ப 41 நிமிடமாக 7, தொடாமல் மிச்சம் வைக்க வேண்டிய இறுதி இருப்பாகப் பகலில் 30 நிமிடத்துக்கு 5. மொத்தம் 25.5 கேலன், அதாவது 97 லிட்டர். இரவானால் இறுதி இருப்பு 45 நிமிடம். ஒரு மணிப் பயணத்துக்கு இரண்டரை மணி எரிபொருளா என்று கேட்பவர் உண்டு. குளச்சலில் வள்ளம் இறக்குகிறவர் எண்ணெய் தீர்ந்தால் நங்கூரம் போட்டுவிட்டுப் பக்கத்து வள்ளத்தைக் கூப்பிடலாம். விமானத்துக்கு அந்த வசதி இல்லை.

எரிபொருள் சரி, எடை கூடிவிட்டது

முழு டேங்க் 53 கேலன் என்பது 318 பவுண்டு, 144 கிலோ. 172எஸ்ஸில் அதற்கு மேல் நான்கு பெரியவர்களையும் பைகளையும் ஏற்ற இடமில்லை. உச்ச எடை 2550 பவுண்டு, அதாவது 1157 கிலோ. இங்கே எரிபொருளைக் குறைத்து எடையைச் சரிக்கட்டும் ஆசை வரும். மேலே போட்ட கணக்கில் வந்த 25.5 கேலனுக்குக் கீழே போக வேண்டியிருந்தால், இறங்க வேண்டியது ஒரு பயணி. தகடு வரை நிரப்பிய 35 கேலன் பெரும்பாலான நாட்களில் இந்தப் பாதைக்குப் பொருத்தமான அளவு என்பது என் கருத்து.

வானில் இருக்கும்போதே கணக்கு உதைக்கிறது

கன்னியாகுமரி முனையைக் கடந்த நேரத்தைக் குறியுங்கள். திட்டத்தில் எழுதிய நேரத்தைவிட ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால், மிச்ச தூரத்துக்கும் புதிய தரைவேகத்தை வைத்து மறுபடி கணக்கிடுங்கள். முனை, தூத்துக்குடிக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஏறத்தாழ நடுவில், முறையே 48, 44 கடல் மைல் தொலைவில் இருக்கிறது; எதிர்காற்று எதிர்பார்த்ததைவிட வலுவானால், அதையே பின்காற்றாக்கித் திரும்பிப் போக இதைவிட நல்ல இடம் இல்லை. மார்த்தாண்டம் வரை போய் யோசித்தால் அந்த வழி மூடிவிடும்.

இறங்கப் போகும் நிலையத்தைத் தவிர வேறெங்கும் போக முடியாத நிலை வந்து, இன்னும் ஒரு தாமதம் ஏற்பட்டால் இறுதி இருப்பைத் தொட வேண்டியிருக்கும் என்றால், கட்டுப்பாட்டு அறைக்கு 'மினிமம் ஃப்யூயல்' என்று சொல்லுங்கள். அது முன்னுரிமை கேட்பதாகாது. உங்கள் நிலையை அவர்களுக்கு அறிவிப்பது. இறங்கும்போது இறுதி இருப்பைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று கணக்கு சொன்னால் 'மேடே மேடே மேடே ஃப்யூயல்' என்று தயங்காமல் சொல்லுங்கள். விசாரணை வருமோ, பயிற்றுநர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சத்தில் இந்தச் சொற்களைத் தள்ளிப்போட்டவர்கள் உலகெங்கும் விபத்து அறிக்கைகளில் இருக்கிறார்கள்.

இறங்கி நிறுத்தியதும், செலக்டரை ஒரு பக்கத்துக்கு மாற்றிவிட்டு, சமதளத்தில் டிப்ஸ்டிக் இட்டு, இரண்டு டேங்குகளின் அளவையும் பறந்த நேரத்தோடு சேர்த்து விமானத்தின் பதிவேட்டில் அலகோடு எழுதுங்கள். அடுத்த நாள் அதே விமானத்தில் ஏறப்போகிறவருக்கு, கேஜையும் ரசீதையும் தவிர ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கையெழுத்தில் மூன்றாவது எண் ஒன்று இருக்கும்.